போன் தொலைந்தால் தொழிலும் தொலையுமா? சின்னத் தொழிலுக்கு ஏற்ற 'கான்டாக்ட்' சாஃப்ட்வேரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடிவிட்டால் போதும். இரண்டு பக்கமும் பைக், ஷேர் ஆட்டோ, குட்டியானை, தண்ணி லாரி என வரிசை நீண்டுவிடும். கூட்ஸ் வண்டி கடந்து போவதற்குள் அங்கே நிற்பவர்கள் போனிலேயே பாதி வியாபாரத்தை முடித்துவிடுவார்கள். ஒருவர் ஐஸ் லோடு எப்போது வேண்டும் என்று காசிமேட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பார். இன்னொருவர் மணலியில் இருக்கும் கம்பெனிக்கு, 'கடைசல் முடிஞ்சுது சார், பொருள் கிளம்பிடுச்சு' என்று தகவல் சொல்லிக்கொண்டிருப்பார்.

இந்த போன்களின் கான்டாக்ட் லிஸ்ட்டைத் திறந்தால் என்ன இருக்கும்? 'ரவி ஐஸ்', 'ரவி ஐஸ் புதுசு', 'மணலி ஸ்டோர் சார்', 'டிரைவர் 2', 'தண்டையார்பேட்டை கல்யாணம்', 'பாக்கி 4500'. இது முதலாளிக்கு மட்டுமே புரியும் சங்கேத மொழி. எந்த ரவி நேரத்துக்குப் பணம் கொடுப்பார், எந்த ரவியிடம் மூன்று முறை கேட்க வேண்டும், தண்டையார்பேட்டை கல்யாணம் எந்த மாதம் என்பதெல்லாம் அவர் மண்டைக்குள் இருக்கும்.

ராயபுரம், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று துறைமுகத்தையும் தொழிற்சாலைகளையும் நம்பி வாழும் வடசென்னையின் ஆயிரக்கணக்கான சின்னத் தொழில்கள் இப்படித்தான் ஓடுகின்றன. பட்டறையில் உள்ள மெஷினுக்குப் பூட்டு இருக்கிறது. கல்லாவுக்குச் சாவி இருக்கிறது. தொழிலுக்கே உயிரான வாடிக்கையாளர் லிஸ்ட் மட்டும், சட்டைப் பையில் இருக்கும் ஒரே ஒரு போனில் இருக்கிறது.

அந்த போன் தொலைந்தால்? அல்லது போனுக்குச் சொந்தக்காரருக்கே திடீரென்று உடம்பு முடியாமல் போனால்?

வெள்ளம் கேட்ட கேள்வி

2023 டிசம்பர் முதல் வாரத்தில் வந்த மிக்ஜாம் புயலை வடசென்னை மறந்திருக்காது. பல தெருக்களில் நாள் கணக்கில் தண்ணீர் நின்றது. கரன்ட் இல்லை, டவர் இல்லை. எண்ணூர் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவும் சேர்ந்துகொண்டது. தரைமட்டத்தில் இருக்கும் கடைக்குள் முட்டி அளவு தண்ணீர் வந்தால் மெஷினைக் கழற்றிக் காயவைக்கலாம். ஆனால், கூழாகிப்போன கடன் நோட்டைக் காயவைத்து என்ன பயன்? நனைந்து செத்துப்போன போனில் இருந்த நம்பர்களை எங்கே போய்த் தேடுவது?

வெள்ளம் எப்போதாவதுதான் வரும். ஆனால், போன் திருடு போவது, பத்து வருடமாக கஸ்டமர்களிடம் பேசிவந்த பையன் வேலையை விட்டுப் போய் தனிக்கடை போடுவது, அப்பாவுக்குப் பிறகு பிள்ளை பொறுப்பேற்கும்போது யாரிடம் எவ்வளவு பாக்கி என்றே தெரியாமல் தவிப்பது... இதெல்லாம் எந்த மாதமும் நடக்கலாம்.

இதற்கான தீர்வுதான் 'கான்டாக்ட் மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேர்'. இன்னும் கொஞ்சம் விரிவானதை 'சி.ஆர்.எம்' என்பார்கள். 'கஸ்டமர் ரிலேஷன்ஷிப் மேனேஜ்மென்ட்' என்பதன் சுருக்கம். பெயர் பெரிதாக இருந்தாலும் அதன் வேலை எளிமையானது. யார், எங்கே, என்ன வாங்கினார், கடைசியாக என்ன பேசினோம், அடுத்து எப்போது பேச வேண்டும் என்பதை ஒரே இடத்தில் வைப்பது. நம்பர் மட்டும் இருந்தால் அது போன்புக். 'அடுத்து எப்போது பேச வேண்டும்' என்ற தேதியும் இருந்தால் அது சி.ஆர்.எம்.

உலகத்துக்கே விற்பது நம்ம சென்னைதான்!

1950-களில் அமெரிக்க அலுவலக மேஜைகளில் 'ரோலோடெக்ஸ்' என்ற சுழலும் அட்டை வளையம் வந்தது. ஒவ்வொரு அட்டையிலும் ஒரு பெயர், ஒரு நம்பர். 1987-ல் 'ஆக்ட்' என்ற சாஃப்ட்வேர் அந்த அட்டைகளைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோனது. 1999-ல் தொடங்கிய 'சேல்ஸ்ஃபோர்ஸ்', கம்ப்யூட்டரில் இன்ஸ்டால் செய்யாமலேயே இன்டர்நெட் வழியாகப் பயன்படுத்தலாம் என்று மாற்றிக் காட்டியது.

இந்தக் கதையின் அடுத்த அத்தியாயத்தில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. 1996-ல் 'அட்வென்ட்நெட்' என்ற பெயரில் தொடங்கி, பிறகு பெயர் மாறிய ஸ்ரீதர் வேம்புவின் 'ஜோஹோ' நிறுவனம் 2005-லேயே சி.ஆர்.எம் சாஃப்ட்வேரைக் கொண்டுவந்துவிட்டது. தென்காசி பக்கம் மத்தளம்பாறையில்கூட அதற்கு அலுவலகம் இருக்கிறது. ஜோஹோவில் வேலை பார்த்த கிரிஷ் மாத்ருபூதம் 2010-ல் சென்னையில் தொடங்கிய நிறுவனம்தான் இன்றைய 'ஃப்ரெஷ்வொர்க்ஸ்'. கஸ்டமர் புகார்களைக் கையாளும் சாஃப்ட்வேரில் ஆரம்பித்து, 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது.

உலகம் முழுக்க இருக்கும் கம்பெனிகள் தங்கள் வாடிக்கையாளர் விவரங்களை வைத்துக்கொள்ள சென்னையில் எழுதப்பட்ட சாஃப்ட்வேரைப் பயன்படுத்துகின்றன. அதே சென்னையின் வடக்கு ஓரத்தில் இருக்கும் பட்டறையில் லாங் சைஸ் நோட்டுதான் ஓடுகிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நோட்டுக்கு சார்ஜ் தேவையில்லை, பாஸ்வேர்டு தேவையில்லை. ஆனால், எந்தக் கட்டத்தில் நோட்டு போதாமல் போகிறது என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

உங்களுக்கு எது போதும்?

விளம்பரத்தைப் பார்த்துவிட்டு நேராக சாஃப்ட்வேர் வாங்கப் போகாதீர்கள். முதலில் உங்கள் தொழில் எந்த ரகம் என்று பாருங்கள். வடசென்னையில் சாதாரணமாகப் பார்க்கக்கூடிய நான்கு தொழில்களை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

வீட்டிலேயே பிளவுஸ் தைத்து, ஆரி வேலை செய்யும் அக்கா. வாடிக்கையாளர்கள் எண்பது, நூறு பேர் இருக்கலாம். எல்லோரிடமும் பேசுவது இவர் ஒருவர்தான். இவருக்குக் காசு கொடுத்து வாங்கும் சாஃப்ட்வேர் எதுவும் தேவையில்லை. 'கூகுள் கான்டாக்ட்ஸ்', கூடவே 'வாட்ஸ்அப் பிசினஸ்' ஆப் போதும். 2018-ல் வந்த இந்த ஆப் இலவசம். 'புது ஆர்டர்', 'பணம் பாக்கி' என்று ஒவ்வொரு சாட்டுக்கும் லேபிள் ஒட்டலாம். டிசைன் படங்களை கேட்டலாக்காக வைக்கலாம். அளவு நோட்டின் பக்கத்தை போட்டோ எடுத்து அதே சாட்டில் போட்டுவிட்டால், அடுத்த தீபாவளிக்கு அளவு தேட வேண்டியதில்லை.

லேத் பட்டறை. கஸ்டமர் என்று பார்த்தால் முப்பது, நாற்பது கம்பெனிகள்தான். ஆனால், ஒவ்வொரு கம்பெனியிலும் மூன்று பேர். ஆர்டர் கொடுப்பவர் பர்ச்சேஸில் இருப்பார். பொருளை வாங்கி வைப்பவர் ஸ்டோரில் இருப்பார். பணம் கொடுப்பவர் அக்கவுன்ட்ஸில் இருப்பார். பர்ச்சேஸ் சார் வேறு இடத்துக்கு மாறிப்போனால் ஆள்தான் மாறுகிறார், கம்பெனி அங்கேயேதான் இருக்கிறது. போன்புக்குக்கு இந்த வித்தியாசம் தெரியாது. எனவே, 'கம்பெனி' தனியாகவும் அதற்குக் கீழே 'ஆட்கள்' தனியாகவும் வைக்கக்கூடிய சாஃப்ட்வேர் இவருக்குத் தேவை. ஆரம்பத்தில் கூகுள் ஷீட்ஸ், எக்ஸெல் போன்ற ஒரு அட்டவணையே இதைச் செய்துவிடும்.

சமையல் கான்ட்ராக்டர். இவருக்கு நம்பரைவிடத் தேதி முக்கியம். வைகாசி முகூர்த்தத்துக்குத் தை மாதமே விசாரிப்பார்கள். பத்துப் பேர் விசாரித்தால் சிலர்தான் அட்வான்ஸ் கொடுப்பார்கள். மீதிப் பேருக்குத் திரும்ப போன் செய்ய மறந்தால் அந்த வேலை அடுத்த தெரு கான்ட்ராக்டருக்குப் போய்விடும். 'விசாரணை, விலை சொன்னது, பேசிக்கொண்டிருப்பது, அட்வான்ஸ் வந்தது' என்று படிப்படியாகக் காட்டி, 'இன்று இவருக்குப் போன் செய்யுங்கள்' என்று நினைவூட்டும் சி.ஆர்.எம் இவருக்கு நிஜமாகவே லாபம் தரும்.

லாரி புக்கிங் ஆபீஸ். துறைமுகத்துக்கும் கன்டெய்னர் யார்டுக்கும் வண்டி அனுப்பும் இடம். போன் எடுப்பவர்கள் மூன்று, நான்கு பேர். காலையில் ஒருவரிடம் பேசிய பார்ட்டி மதியம் இன்னொருவரிடம் பேசுவார். முதல் ஆள் என்ன வாடகை சொன்னார் என்று இரண்டாவது ஆளுக்குத் தெரியாவிட்டால் அங்கேயே சண்டை. எல்லோரும் ஒரே லிஸ்ட்டைப் பார்க்கவும் எழுதவும் முடிகிற சி.ஆர்.எம் இங்கே கட்டாயம்.

உங்கள் தொழில் இந்த நான்கில் எதற்குப் பக்கத்தில் வருகிறது என்று பாருங்கள். பேசுகிற ஆள் ஒருவர் என்றால் போன் போதும். ஒன்றுக்கு மேற்பட்டவர் பேசினாலோ, திரும்பப் பேச மறந்து ஆர்டர் தவறினாலோ சாஃப்ட்வேர் பக்கம் போகலாம்.

ஒரு விஷயம். ஏற்கெனவே பில் போட ஏதாவது சாஃப்ட்வேர் வைத்திருந்தால், அதிலேயே பார்ட்டி பெயர், நம்பர், பாக்கி எல்லாம் இருக்கும். முதலில் அதைத் திறந்து பாருங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்திருக்கலாம்.

வாங்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை

குப்பையான லிஸ்ட்டை எந்த நல்ல சாஃப்ட்வேரில் கொட்டினாலும் அது குப்பையாகத்தான் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தை ஒதுக்குங்கள். வீட்டில் காலேஜ் படிக்கும் பிள்ளை இருந்தால் துணைக்கு உட்காரவையுங்கள்.

முதலில், உங்கள் நம்பர்கள் எங்கே சேவ் ஆகின்றன என்று பாருங்கள். சிம், போன், கூகுள் கணக்கு என மூன்று இடங்கள் உண்டு. சிம்மிலோ போனிலோ மட்டும் இருந்தால், அது தொலையும்போது எல்லாம் போய்விடும். கான்டாக்ட்ஸ் ஆப்பின் செட்டிங்ஸில் போய், புது நம்பர்கள் கூகுள் கணக்கில் சேவ் ஆகும்படி மாற்றுங்கள். பழைய நம்பர்களையும் அங்கே நகர்த்திவிடுங்கள். இந்த ஒரு வேலைக்குப் பைசா செலவில்லை. இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு இதை மட்டும் செய்தாலே பாதி ஆபத்து குறைந்துவிடும்.

இரண்டாவது, ஒரே ஆளுக்கு இரண்டு, மூன்று பதிவுகள் இருக்கும். கூகுள் கான்டாக்ட்ஸே அவற்றைக் கண்டுபிடித்து ஒன்றாக்கித் தரும். தவறுதலாக ஏதாவது மாறிவிட்டாலும், கடந்த 30 நாள்களுக்குள் இருந்த நிலைக்குத் திரும்பிப் போகும் வசதி அதில் இருக்கிறது.

மூன்றாவது, பெயர் எழுதுவதில் ஒரு ஒழுங்கு வையுங்கள். பெயர், தொழில், ஊர் என்ற வரிசை எளிமையானது. 'ரவி, ஐஸ், காசிமேடு' என்று இருந்தால் உங்கள் மனைவிக்கும் புரியும், புதிதாக வந்த பையனுக்கும் புரியும். 'பாக்கி 4500' என்பதைப் பெயரில் எழுதாமல், 'குறிப்பு' என்ற கட்டத்தில் தேதியோடு எழுதுங்கள்.

தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய 7 கேள்விகள்

ஜோஹோவின் பெரிய சி.ஆர்.எம், சின்னத் தொழில்களுக்கென்றே அந்த நிறுவனம் 2020-ல் கொண்டுவந்த 'பிகின்', அமெரிக்காவின் 'ஹப்ஸ்பாட்', ஓப்பன் சோர்ஸ் ரகத்தில் 'ஓடூ' எனச் சந்தையில் பெயர்கள் நிறைய. எது சிறந்தது என்ற கேள்விக்குப் பொதுவான பதில் கிடையாது. கீழே உள்ள கேள்விகளுக்கு எது நல்ல பதில் சொல்கிறதோ, அதுதான் உங்களுக்குச் சிறந்தது.

1. என் லிஸ்ட்டை நான் முழுசாக வெளியே எடுக்க முடியுமா?
முதல் கேள்வியே இதுதான். உள்ளே போடுவதை எல்லோரும் சுலபமாக வைத்திருப்பார்கள். வெளியே எடுப்பதைத்தான் சோதித்துப் பார்க்க வேண்டும். 'எக்ஸ்போர்ட்' என்ற பட்டன் இருக்கிறதா, அதை அழுத்தினால் 'சி.எஸ்.வி' ஃபைலாக வருகிறதா என்று பாருங்கள். எக்ஸெல்லிலும் கூகுள் ஷீட்ஸிலும் திறக்கக்கூடிய ஃபைல் அது. பெயரும் நம்பரும் மட்டும் வந்து, நீங்கள் எழுதிய குறிப்புகள் வராமல் போனால் அந்த சாஃப்ட்வேர் வேண்டாம்.

2. போனில் ஒழுங்காக வேலை செய்கிறதா?
நமக்கு ஆபீஸ் என்பதே சட்டைப் பைதான். கம்ப்யூட்டரில் அழகாக இருந்து போனில் திணறுவது உதவாது. சிக்னல் இல்லாத கோடவுனுக்குள் நின்று கஸ்டமரின் நம்பரைத் தேடிப் பாருங்கள். கிடைத்தால் நல்லது.

3. தமிழில் எழுதினால் தேடித் தருகிறதா?
பெயரைத் தமிழில் பதிந்துவிட்டு, தேடும் கட்டத்தில் இரண்டு எழுத்து மட்டும் அடித்துப் பாருங்கள். உங்கள் கடையில் ஒருவர் தமிழிலும் இன்னொருவர் ஆங்கிலத்திலும் டைப் செய்தால், ஒரே ஆள் இரண்டு பேராகிவிடுவார். எந்த மொழியில் எழுதுவது என்று முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள்.

4. யாருக்கு எவ்வளவு தெரிய வேண்டும் என்று நான் தீர்மானிக்க முடியுமா?
டெலிவரி பையனுக்கு விலாசம் தெரிந்தால் போதும், பாக்கித் தொகை தெரிய வேண்டியதில்லை. மொத்த லிஸ்ட்டையும் டவுன்லோடு செய்யும் உரிமை முதலாளிக்கு மட்டும் இருக்க வேண்டும். வேலையை விட்டுப் போகிறவரின் லாகினை அன்றே மூட முடிய வேண்டும். எல்லோரும் ஒரே பாஸ்வேர்டைப் பயன்படுத்தினால் இது எதுவும் நடக்காது.

5. வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு?
விளம்பரத்தில் 'மாதம் இவ்வளவுதான்' என்று போடுவார்கள். பக்கத்திலேயே சின்ன எழுத்தில் 'ஒரு யூசருக்கு', 'வருடக் கட்டணமாகச் செலுத்தினால்' என்று இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். உதாரணத்துக்கு, ஒரு யூசருக்கு மாதம் 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேர் என்றால் மாதம் 1,200 ரூபாய், வருடம் 14,400 ரூபாய். 18 சதவிகித ஜி.எஸ்.டி 2,592 ரூபாய் சேர்த்தால் 16,992 ரூபாய். '300 ரூபாய்தானே' என்று ஆரம்பித்தது எங்கே வந்து நிற்கிறது பாருங்கள். இலவசத் திட்டங்களிலும் எத்தனை யூசர், எத்தனை பெயர்கள் வரை என்ற வரம்பு இருக்கும். அந்த வரம்பைத் தாண்டினால் அடுத்த படியின் விலை என்ன என்பதை இன்றே பார்த்துக்கொள்ளுங்கள்.

6. வாட்ஸ்அப், போன் கால் இரண்டோடும் சேருமா?
வெளிநாட்டு சாஃப்ட்வேர்கள் பலவும் இ-மெயிலை மையமாக வைத்து உருவானவை. நம்ம ஊரில் ஆர்டர் வருவது போனிலும் வாட்ஸ்அப்பிலும்தான். நம்பரைத் தொட்டதும் கால் போகிறதா, பேசி முடித்ததும் குறிப்பு எழுத இடம் தருகிறதா என்று பாருங்கள். வாட்ஸ்அப்பை சி.ஆர்.எம்மோடு முழுமையாக இணைக்க வேண்டுமென்றால் பெரும்பாலும் தனிக் கட்டணம் உண்டு. அதையும் ஐந்தாவது கேள்வியின் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

7. சிக்கல் வந்தால் யாரிடம் கேட்பது?
வாங்கும் முன்பே ஹெல்ப்லைனுக்கு ஒருமுறை போன் செய்யுங்கள். எவ்வளவு நேரத்தில் எடுக்கிறார்கள், உங்களுக்குப் புரியும் மொழியில் பேசுகிறார்களா என்று பாருங்கள். வாங்குவதற்கு முன்பே எடுக்காதவர்கள், வாங்கிய பிறகு எப்படி எடுப்பார்கள்?

முதலில் இருபது பேர், பிறகு இருநூறு

பெரும்பாலான நிறுவனங்கள் சில நாள்கள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்க விடுகின்றன. அந்த நாள்களில் மொத்த லிஸ்ட்டையும் ஏற்றாதீர்கள். அடிக்கடி பேசும் இருபது வாடிக்கையாளர்களை மட்டும் ஏற்றுங்கள். இரண்டு வாரம் நிஜ வேலையை அதில் செய்யுங்கள்.

கடையில் டெக்னாலஜி நன்றாகத் தெரிந்த பையனிடம் கருத்துக் கேட்காதீர்கள். போனைப் பார்த்தாலே 'எனக்கு இதெல்லாம் வராதுப்பா' என்று ஒதுங்குகிற மூத்தவரிடம் கொடுத்துப் பாருங்கள். ஒரு கஸ்டமர் பேசியதை அவரால் ஒரு நிமிடத்துக்குள் பதிய முடிந்தால், அந்த சாஃப்ட்வேர் உங்கள் கடையில் நிலைக்கும். அவர் பதினைந்து கட்டங்களை நிரப்ப வேண்டியிருந்தால், மூன்றாவது வாரமே எல்லோரும் பழைய நோட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். சந்தா மட்டும் போய்க்கொண்டிருக்கும். வேண்டாத கட்டங்களையெல்லாம் மறைத்துவிட்டு, பெயர், நம்பர், ஊர், குறிப்பு, அடுத்த தேதி என ஐந்தோடு ஆரம்பியுங்கள்.

சாவி யார் கையில்?

எந்த சாஃப்ட்வேராக இருந்தாலும் கணக்குத் தொடங்கும்போது ஒரு இ-மெயிலும் ஒரு போன் நம்பரும் கேட்பார்கள். அவசரத்தில் கடைப் பையனின் இ-மெயிலைக் கொடுத்துவிடுவது வழக்கம். பிறகு அவர் வேலையை விட்டுப் போனதும் ஓ.டி.பி அவருக்குப் போகும். உங்கள் லிஸ்ட்டைத் திறக்க அவரிடம் கெஞ்ச வேண்டும். தொழிலுக்கென்று தனி இ-மெயிலும் முதலாளி பெயரில் தனி சிம்மும் வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் பிசினஸும் அந்த நம்பரிலேயே இருக்கட்டும்.

இன்னொன்றும் பேச வேண்டும். பேசச் சங்கடமான விஷயம்தான். குடும்பத் தலைவர் ஒரு நாள் இல்லாமல் போனால், வரவேண்டிய பணம் யாரிடம் இருக்கிறது என்று வீட்டில் யாருக்காவது தெரியுமா? கொடுக்க வேண்டியவர்கள் தேடி வந்து கேட்பார்கள். தர வேண்டியவர்கள் எத்தனை பேர் தேடி வந்து தருவார்கள்? மனைவி, மகன், மகள் என நம்பிக்கையான ஒருவருக்காவது அந்த லிஸ்ட்டை எப்படித் திறப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். கூகுள் கணக்கில் 'இன்ஆக்டிவ் அக்கவுன்ட் மேனேஜர்' என்ற வசதி இருக்கிறது. நீங்கள் தேர்வு செய்யும் காலம் வரை கணக்கைப் பயன்படுத்தாமல் இருந்தால், நீங்கள் முன்பே குறிப்பிட்ட நபருக்குத் தகவல் போகும். எந்தெந்த விவரங்களை அவர் எடுத்துக்கொள்ளலாம் என்பதையும் நீங்களே முடிவு செய்யலாம். பத்து நிமிட வேலைதான்.

மாதம் ஒருமுறை, முதல் தேதியென்று வைத்துக்கொள்ளுங்கள், மொத்த லிஸ்ட்டையும் எக்ஸ்போர்ட் செய்து ஒரு பென்டிரைவில் போட்டு வீட்டு பீரோவில் வையுங்கள். கடையில் வைக்காதீர்கள். தண்ணீர் வந்தால் கடைக்குள் இருக்கும் இரண்டும் சேர்ந்தே நனையும்.

அது அவர்களுடைய நம்பர்!

உங்கள் லிஸ்ட்டில் இருப்பது உங்கள் சொத்து என்றாலும், அந்த நம்பர் வாடிக்கையாளருடையது. ஒரு பெண் பிளவுஸ் தைக்கக் கொடுத்த நம்பர், சீட்டு கம்பெனிக்கோ லோன் ஏஜென்டுக்கோ போனால் அவர் திரும்ப உங்கள் வீட்டுப் படி ஏறுவாரா?

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 2023 ஆகஸ்டில் 'டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்' வந்தது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டது. பெயரும் போன் நம்பரும் இந்தச் சட்டத்தின்படி தனிநபர் தரவுதான். அபராதத்தின் உச்ச வரம்பு 250 கோடி ரூபாய். சின்னக் கடைக்காரர் இந்தத் தொகையைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால், நல்ல பழக்கங்களை இப்போதே ஆரம்பிக்கலாம். எதற்காக நம்பர் வாங்குகிறோம் என்று சொல்லி வாங்குவது, அதற்கு மட்டும் பயன்படுத்துவது, நீக்கச் சொன்னால் நீக்குவது. இந்த மூன்றும் இருந்தால் பெரிய அளவில் சரியான பாதையில் இருக்கிறீர்கள்.

'ஆஃபர்' மெசேஜ் அனுப்புவதிலும் கவனம் தேவை. மொத்தமாக விளம்பர எஸ்.எம்.எஸ் அனுப்ப, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான 'டிராய்' விதிகளின்படி முறையாகப் பதிவு செய்திருக்க வேண்டும். வேண்டாத விளம்பரம் வந்தால் வாடிக்கையாளர் 1909 என்ற எண்ணில் புகார் செய்யலாம். வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் அனுப்பினால், உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேவ் செய்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். எனவே, கஸ்டமர் நம்பரை நீங்கள் வாங்கும்போதே, உங்கள் நம்பரை அவர் சேவ் செய்துகொள்ளச் சொல்லுங்கள்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. பெயரே கேள்விப்படாத 'இலவச கான்டாக்ட் பேக்கப்' ஆப்கள் பிளே ஸ்டோரில் ஏராளம். இன்ஸ்டால் செய்ததும் கான்டாக்ட்ஸ், எஸ்.எம்.எஸ் எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்கும். 'அலோ' கொடுத்த அடுத்த நொடியே உங்கள் மொத்த லிஸ்ட்டும் யாரிடமோ போய்விடலாம். எஸ்.எம்.எஸ் அனுமதி என்றால் ஓ.டி.பி-யும் சேர்த்துத்தான். யார் உருவாக்கியது, எங்கே அலுவலகம் என்று தெரியாத எதையும் போனில் ஏற்றாதீர்கள்.

இன்று இரவே செய்யலாம்

சாஃப்ட்வேர் வாங்குவதை அடுத்த மாதம்கூட முடிவு செய்யலாம். ஆனால், இன்று இரவு கடையை மூடியதும் ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். உங்கள் தொழிலைத் தாங்கி நிற்கும் முதல் பத்துப் பேரின் பெயர், நம்பர், வர வேண்டிய பாக்கி, கொடுக்க வேண்டிய பாக்கி நான்கையும் எழுதுங்கள். போனைப் பார்க்காமல் எத்தனை நம்பர் எழுத முடிகிறது என்று பாருங்கள். அதிகபட்சம் இரண்டோ மூன்றோதான் வரும்.

மீதியை போனைப் பார்த்து எழுதி முடித்து, அந்தத் தாளை வீட்டில் உள்ளவர்களிடம் கொடுத்து, யார் யார் என்று சொல்லிக்கொடுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளைக் கவனியுங்கள். 'இந்த ரவி யாரு? இந்தப் பணம் எப்ப வரும்? இவர்கிட்ட கடைசியா எப்பப் பேசினீங்க?' உங்கள் சாஃப்ட்வேர் பதில் சொல்ல வேண்டிய கேள்விகளும் இவைதான்.